ஆம்பூருக்கே பிரஷர் வந்த கோடை

அந்தப் பெட்டியைத் திறந்த முதல் நாள் நான் கைதட்டிவிட்டேன். டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். நர்சு உடுப்பில் இருப்பவள் இப்படிக் கைதட்டக் கூடாது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அதெல்லாம் எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. சந்தோஷம் வந்தால் கை தானாக எழும்பும். கோபம் வந்தால் வாய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஆம்பூரில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கியது அந்தப் பெட்டி. சில படுக்கைகள், ஒரே ஒரு டாக்டரம்மா, நர்சு என்று நான், இவ்வளவுதான் எங்கள் ஆஸ்பத்திரி. பெட்டி பளபளவென்று மெருகேற்றிய மரம். மூடியைத் தூக்கினால் உள்பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய் நிமிர்ந்து நிற்கும். குழாயின் அடியில் பாதரசம். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கிளம்பி, நீளமான துணிப் பட்டை ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும் ரப்பர் பையோடு சேர்ந்திருக்கும். காற்றடிக்கக் கைக்கு அடக்கமாக ஒரு ரப்பர் பந்து.

பட்டையைப் புஜத்தில் சுற்றி, பந்தை அமுக்க அமுக்க உள்ளே இருக்கும் பை உப்பிக் கையை இறுக்கும். ஒரு கட்டத்தில் கைக்குப் போகும் ரத்தத்தையே நிறுத்திவிடும். முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப் குழலை வைத்துக் கேட்டால் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு பந்தின் கழுத்தில் இருக்கும் திருகைத் தளர்த்தி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பாதரசம் இறங்கிக்கொண்டே வரும்போது, திடீரென்று காதில் 'டொக்' என்று ஒரு சத்தம். அடைபட்டு நின்ற ரத்தம் இடுக்கில் புகுந்து பாய்ந்துவிட்டது! அந்த நொடியில் பாதரசம் எங்கே இருக்கிறதோ அது மேல் அளவு. அப்புறம் டொக், டொக் என்று தட்டிக்கொண்டே வந்து, ரத்தம் தடையில்லாமல் ஓடத் தொடங்கியதும் சத்தம் அடங்கிப்போகும். அது கீழ் அளவு. ஒரு ஊசி குத்தாமல், ஒரு சொட்டு ரத்தம் பார்க்காமல், உள்ளே ஓடுவதை வெளியிலிருந்து அளந்துவிடுகிறோம். இதற்குக் கைதட்டாமல் வேறு எதற்குக் கைதட்டுவது?

ஊர் எங்களை மொய்த்துக்கொண்டது. கால்வலிக்கு வந்தவர்கள் கையை நீட்டினார்கள். பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்க வந்தவர்கள், அப்படியே எனக்கும் ஒரு இறுக்கு இறுக்கிவிடும்மா என்றார்கள். இறுக்கி விட்டதும் தலைபாரம் போய்விட்டதாகச் சத்தியம் செய்தவர்களும் உண்டு. அது அளக்கிற பெட்டி, குணப்படுத்துகிற பெட்டி இல்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. ஆனாலும் எனக்குப் பெருமைதான். பந்து என் கையில் அல்லவா இருந்தது!

அந்தச் சமயத்தில் என் அக்கா உண்டாகியிருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து, இனி இல்லை என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்ட பிறகு தரித்த கரு. மாமா, அதாவது அவள் புருஷன், ஒரு டேனரியில் பதம் செய்த தோல்களைத் தரம் பிரிக்கிறவர். அதிகம் பேச மாட்டார். அக்கா உண்டான செய்தி கேட்ட அன்று என்னிடம் வந்து, ஆரஞ்சுப் பழம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். அக்காவின் கையில் முதன்முதலாகப் பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது அளவு அழகாக இருந்தது. டாக்டரம்மாவுக்குத் திருப்தி.

பிறகு எலி வந்தது. ஒரு ராத்திரி துணிப் பட்டையை ஓரமெல்லாம் கடித்துக் குதறி வைத்துவிட்டது. நல்ல வேளை, உள்ளே இருந்த ரப்பர் பையைத் தொடவில்லை. புதுப் பட்டைக்கு மெட்ராஸுக்கு எழுதினோம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை என்ன செய்வது? ஆம்பூரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டால் தோல், கதவு ஆடினால் தோல், குழாய் ஒழுகினால் தோல். எங்கள் ஊரில் எது பிய்ந்தாலும் தோலால்தான் ஒட்டுப்போடுவோம். மாமா பட்டையை வாங்கிப் போய் ஒரே நாளில் புதுசாகத் தைத்துக் கொண்டுவந்தார். ஆட்டுத் தோல். செம்பழுப்பு நிறம். தோலைப் பதம் செய்கிற ஆவாரம்பட்டையின் வாசனை. கன்னத்தில் வைத்தால் குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. சுற்றிக் கட்ட இரண்டு கொக்கிகள் வேறு. டாக்டரம்மாவே தடவிப் பார்த்துவிட்டு, மெட்ராஸ் பட்டை இனி எதற்கு என்று சிரித்தார்.

அன்றைக்கு அது சரியாகத்தான் அளந்தது. பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதனால்தான் யாரும் அதன்மேல் சந்தேகப்படவில்லை.

வெயில் ஏறியது. வெயிலோடு ஊராரின் பிரஷரும் ஏறியது. போன மாதம் நன்றாக இருந்தவருக்கு இந்த மாதம் கொஞ்சம் ஜாஸ்தி. அடுத்த முறை இன்னும் ஜாஸ்தி. டாக்டரம்மா யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தார். உப்பு. எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்? பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன்மேல் கல்லுப்பைக் கொட்டித்தான் வண்டி வண்டியாக வந்து இறங்கும். டேனரி வாசலில் உப்பு குன்று குன்றாகக் கிடக்கும். அதைக் கழுவிய தண்ணீர் மண்ணில் இறங்கி, பக்கத்துக் கிணறுகளெல்லாம் கரிக்கத் தொடங்கியிருந்தன. தண்ணீரிலேயே இவ்வளவு உப்பு இருக்கும்போது சோற்றில் எதற்கு என்று எல்லாருக்கும் உப்பைக் குறைக்கச் சொன்னார். எங்கள் தெருவில் ஊறுகாய் ஜாடிகளெல்லாம் பரணுக்குப் போயின. சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு வீடு சண்டை. பேஜாரான கோடை அது.

இதில் சிரிப்பதற்கு இடமில்லாமல் போனது என் அக்காவால். அவளுக்கும் ஒவ்வொரு முறையும் அளவு ஏறிக்கொண்டே வந்தது. ஏழாவது மாதம் முடிந்தபோது டாக்டரம்மா முகத்தில் களையே இல்லை. அதற்கு முந்தைய வருஷம், இதே வார்டில், மாசமாக இருந்த ஒரு பெண்ணுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, தாயும் போய்க் குழந்தையும் போய்விட்டது. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், டாக்டரம்மா தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

அக்காவின் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி விளக்கில் காய்ச்சிப் பார்த்தோம். கெட்ட அறிகுறி இருந்தால் வெள்ளையாகத் திரியும். திரியவில்லை. காலிலும் பெரிய வீக்கம் இல்லை. ஆனால் சில பேருக்குப் பிரஷர்தான் முதலில் வரும், மற்றதெல்லாம் பின்னால் வரும் என்றார் டாக்டரம்மா. படுக்கையில் ஓய்வு, உப்பு அறவே கூடாது. அப்படியும் இறங்காவிட்டால் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வலி வரவழைத்து, குழந்தையை முன்கூட்டியே வெளியே எடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் குழந்தை பிழைக்குமா என்று கேட்டேன். கஷ்டம் என்றார். செய்யாவிட்டால்? இரண்டு பேரும் போகலாம் என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன். என்ன பேசினேன் என்று இப்போது எழுதவும் கூசுகிறது. அவர் பாட்டுக்கு அக்காவின் அளவைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் இன்னும் ஆத்திரம்.

அக்கா உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு படுத்துக்கிடந்தாள். அவளுக்கு மட்டும் எதற்குத் தண்டனை என்று மாமாவும் உப்பை விட்டுவிட்டார். பகலெல்லாம் உப்புக் குன்றுக்கு நடுவில் வேலை செய்துவிட்டு வந்து, சாயங்காலம் உப்பில்லாத குழம்பைப் பிசைந்து சாப்பிடுவார். அவர் உப்புப் பூத்த சட்டையைக் கழற்றிப் போட்டால், அதை ஒரு கொதி கொதிக்க வைத்துக் குடித்துவிடட்டுமா என்று அக்கா கேட்பாள். அந்த நிலையிலும் அவளுக்கு வாய் குறையவில்லை. ஆனால் மாமா சிரிக்க மாட்டார். எழுந்து வெளியே போய்விடுவார்.

பிரஷர் இறங்கவில்லை. வேலூருக்குப் போக வேண்டிய காலை வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஜட்கா வண்டி நிற்கிறது. மாமா கையில் துணி மூட்டை. அக்கா உள்ளே பெஞ்சியில் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரம்மாவும் கூட வருவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்துப் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் உள்ளே நுழைந்தார். ஊரில் எல்லாருக்கும் பிரஷர் ஜாஸ்தி என்றால் இவருக்கு எப்போதும் கம்மி. ஒல்லி உடம்பு. துணிப் பட்டை இருந்த காலத்தில் பார்த்தது, அப்புறம் இப்போதுதான் வருகிறார். முந்தின நாள் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனையில் நின்றபடியே மயங்கி விழுந்துவிட்டாராம். டானிக் கேட்டு வந்திருந்தார்.

கிளம்புகிற அவசரத்திலும் டாக்டரம்மா அவர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். முகத்தில் குழப்பம். மறுபடியும் பார்த்தார். டீச்சருக்கும் பிரஷர் ஜாஸ்தி! டீச்சருக்கானால் ஒரே சந்தோஷம். இத்தனை நாள் கம்மி கம்மி என்றீர்களே, கடைசியில் நானும் மற்றவர்களோடு சேர்ந்துவிட்டேன் பாருங்கள் என்று அக்காவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

எனக்குள் ஏதோ பொட்டென்று அறுந்தது.

"நேத்து மயக்கம் போட்டு வுழுந்தவங்களுக்கு இன்னிக்கு ரத்தக்கொதிப்பா? இன்னா டாக்டரம்மா இது? கொதிப்பு இவங்க கிட்ட இல்ல. அந்தப் பெட்டி கிட்டதான் இருக்குது."

டாக்டரம்மா டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நூல் மாதிரி மெலிந்து ஓடுகிறது என்று அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. சட்டென்று பட்டையை அவிழ்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு, எனக்குக் கட்டு என்றார். கட்டிப் பார்த்தேன். பெட்டி வந்த புதிதில் அளவாக இருந்த அவருக்கும் ஏகத்துக்கு ஏறியிருந்தது.

அப்போது தொடங்கியது எங்கள் வேட்டை. பாதரசம் சும்மா இருக்கும்போது சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறதா? நிற்கிறது. ரப்பர் குழாயில் ஓட்டையா? தண்ணீரில் முக்கிப் பார்த்தோம், ஒரு குமிழிகூட வரவில்லை. பந்து? நன்றாக இருக்கிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். டாக்டரம்மா கையை மேசைமேல் நீட்டினார். சத்தத்தைக் கேட்க வேண்டாம், பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டே அடி என்றார். அடித்தேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

தோல் நடுவில் பூரி மாதிரி உப்பிக்கொண்டு மேலே எழும்பியது.

மெத்தென்று இருந்த அந்த அழகான தோல், காற்றுக்கு வளைந்து கொடுத்து வெளிப்பக்கமாகப் புடைத்தது. அதன் இரண்டு ஓரமும் கையை விட்டுத் தூக்கிக்கொண்டன. டாக்டரம்மா ஓரத்தில் தன் விரலை விட்டுப் பார்த்தார், தாராளமாக உள்ளே போனது. கையைத் தொட்டுக்கொண்டிருந்தது நடுவில் ஒரு சின்னக் கீற்று மட்டும்தான். உள்ளே தள்ள வேண்டிய காற்று வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னக் கீற்றை வைத்துக்கொண்டு ரத்தத்தை நிறுத்த வேண்டுமென்றால் இன்னும் இன்னும் காற்றடிக்க வேண்டும். அந்த வீண் காற்றையும் சேர்த்துப் பாதரசம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை. பட்டை சொல்ல வைத்திருக்கிறது!

மாமாவைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றால், ஜட்காக் குதிரை மிரளும்படி கத்தினேன். அவர் வந்து உப்பியிருந்த பட்டையைப் பார்த்தார். காற்றை விடச் சொன்னார். கட்டை விரலால் தோலை அழுத்தி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"வயித்துத் தோலும்மா. கைக்கு மெத்துனு இருக்கட்டும்னு அந்தப் பக்கமா பாத்து வெட்டினேன். முதுகுத் தோலு அசையாது. இது இழுக்க இழுக்க வரும், வந்தது திரும்பாது."

தோல் எடுத்தால் மெத்தென்று இருக்கிற இடத்தைத்தான் எடுப்பார்கள் எங்கள் ஊரில். விரலுக்கு எது சுகமோ அதுதான் உசத்தி. அக்காவின் கையில் படப்போகிற பட்டை என்பதால் மாமா தேடித் தேடி, இருப்பதிலேயே மெல்லிய இடத்தை வெட்டியிருக்கிறார். கட்டக் கட்ட, வேர்வையில் நனைய நனைய, நாளுக்கு நாள் அது இளகிக்கொண்டே வந்திருக்கிறது. அது இளக இளக ஊருக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது.

மாமாவுக்கு ஆறுதல் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. நான் ஒரு காடாத் துணியை நீளமாகக் கிழித்தேன். டாக்டரம்மா டீச்சரை மறுபடி உட்கார வைத்தார். தோல் பட்டையைக் கட்டி, அதன்மேல் காடாத் துணியை, எலும்பு முறிந்த கைக்குக் கட்டுவது போல இறுக்கிச் சுற்றினேன். காடா இழுத்தாலும் வராது. இப்போது தோல் எங்கே போய் உப்பும், பார்க்கலாம்! காற்றடித்தேன். உப்பவில்லை. டாக்டரம்மா காதில் குழலை மாட்டிக்கொண்டு கேட்டார். டீச்சருக்குப் பழையபடி கம்மி. டீச்சர் முகம் சுருங்கிவிட்டது, பாவம். அடுத்தது டாக்டரம்மா. அவருக்கும் பழைய அளவு.

பிறகு அக்கா.

டாக்டரம்மா குழலை என்னிடம் நீட்டினார். முதலில் நீ கேள் என்றார். நான் அக்காவின் கையில் துணியைச் சுற்றி, பந்தை அமுக்கினேன். பாதரசம் ஏறியது. திருகைத் தளர்த்தினேன். போன முறை டொக் என்று கேட்ட இடத்தைத் தாண்டியது, சத்தம் இல்லை. இன்னும் இறங்கியது, சத்தம் இல்லை. ஐயோ, எனக்குக் காதுதான் அடைத்துவிட்டதோ என்று பயந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்றிருபதுக்குக் கீழே வந்தபோது, கதவைத் தட்டுவது போலத் தெளிவாகக் கேட்டது முதல் டொக்.

நான் கைதட்டிவிட்டேன். இந்த முறை டாக்டரம்மா முறைக்கவில்லை. குழலைப் பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டு முடித்ததும் அப்படியே பெஞ்சியில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலூருக்குப் போறோம். பிரசவத்துக்கு இல்ல. அங்க இருக்கற மெஷின்லயும் ஒரு தடவ பாத்துட்டுத் திரும்பிடலாம்."

காட்பாடி வரை ரயில், அங்கிருந்து வேறு ஜட்கா. வழியெல்லாம் நான்தான் பேசினேன். மாமா தோல் பட்டையை மடியில் வைத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கித் தன் மூட்டைக்குள் போட்டுக்கொண்டாள். வேலூர் ஆஸ்பத்திரியில் முரட்டுத் துணியில் பட்டை வைத்திருந்தார்கள். டாக்டரம்மா எங்கள் அளவை வெளியே சொல்லாமல் அங்கே பார்க்கச் சொன்னார். அவர்கள் பார்த்துச் சொன்னதற்கும் எங்கள் காடாக் கட்டுச் சொன்னதற்கும் மயிரிழைதான் வித்தியாசம்.

மாதம் நிறைந்து, வெயில் தணிந்த பிறகு குழந்தை பிறந்தது. பெண். போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற மாமா பயந்து உள்ளே ஓடி வந்துவிட்டார். பெட்டிக்கு முரட்டுத் துணியில் புதுப் பட்டை வந்தது, ஊரில் பரணேறிய ஊறுகாய் ஜாடிகள் இறங்கி வந்தன. எல்லாம் நடந்தது. ஆனால் அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன் வருவது வேலூரில் அந்த மத்தியானம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தோம். இனி உப்புச் சாப்பிடலாமா என்று அக்கா கேட்டாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். வாசலில் ஒருத்தி கூடையில் மாங்காய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா அந்த வயிற்றோடு நடந்த நடையை நான் பார்த்ததில்லை. மாங்காய்க்காரி கீறிக் கொடுத்த மாங்காயைக் கையில் வாங்கியவள், ஊரே பார்க்கும்படி நடுத்தெருவில் திரும்பி நின்று, முதல் துண்டை மாமா வாயில் வைத்தாள்.

மாமா மென்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கத் துடைக்கக் கொட்டியது.

"காரம் ஜாஸ்தி," என்றார்.

மாங்காய்க்காரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மிளகாய்த் தூளே போட வேண்டாம், வெறும் உப்பு மட்டும் போடு என்று அக்கா கேட்டு வாங்கியிருந்தாள்.